ஓடுபாதை முடிந்த பிறகு

கண்டனூரிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்களுக்கு விமான நிலையம் என்றால் திருச்சிதான். காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் என்று வண்டி போகும். திருச்சி நகருக்குள் நுழையும் முன்பே, சாலையை ஒட்டி நிலையம் வந்துவிடும். சிலர் மதுரைக்குப் போவார்கள். செட்டிநாட்டுக்கென்று தனியாக ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. கானாடுகாத்தான் பக்கம், செட்டிநாடு கிராமத்தருகே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று இன்றும் கிடப்பதுதான் அந்தக் கோரிக்கைக்கு வலு.

இந்த வட்டாரம் பயன்படுத்தும் நிலையங்களின் விபத்து வரலாற்றை அந்தக் கோரிக்கையோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த வரலாறு ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. விசாரணை அறிக்கைகளிலும் பழைய நாளிதழ்களிலும் சிதறிக் கிடக்கிறது. உயிர்கள் போன விபத்தை ஊர் நினைவில் வைக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த மறுநாளே மற்ற விபத்துகளை மறந்துவிடுகிறோம். திருச்சியைப் பொறுத்தவரை அப்படி மறக்கப்பட்டவற்றில்தான் பாடம் அதிகம்.

செட்டிநாட்டுத் தளத்திலிருந்து தொடங்கலாம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9 அன்று திருகோணமலையை. இடையில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் பலர், நெல் வயல்களையும் பெட்டகங்களையும் விட்டுவிட்டு, மணிப்பூர் மலைப்பாதை வழியாக நடந்தே ஊர் திரும்பிய காலம் அது. தென்னிந்தியாவில் பாதுகாப்பான உள்நிலம் தேடிய பிரிட்டிஷ் ராணுவம் சோழவரம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், கயத்தாறு என்று வரிசையாக ஓடுபாதைகளைப் போட்டது. செட்டிநாட்டுத் தளமும் அந்த வரிசையில் ஒன்று. சமதளமான செம்மண் நிலமும் அருகிலேயே ரயில் பாதையும் அதற்கு வாய்ப்பாக இருந்தன. போர் முடிந்ததும் படை போய்விட்டது, பாதை மட்டும் நின்றது.

போர் இன்னொன்றையும் விட்டுப் போனது. அமெரிக்க ராணுவம் கழித்துக் கட்டிய டக்கோட்டா விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. கையில் முதல் வைத்திருந்தவர்கள் எல்லாம் விமானக் கம்பெனி தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கண்டனூருக்குப் பக்கத்து ஊரான கோட்டையூரில் 1909இல் பிறந்த ராம. அழகப்பச் செட்டியார். லண்டனில் சட்டம் படித்தபோதே குராய்டன் விமானத் தளத்தில் பறக்கக் கற்றுச் சான்றிதழ் வாங்கியவர். பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை நடத்தினார். காரைக்குடியில் அவர் எழுப்பிய கல்லூரிகளும், அவர் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்ச ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் எல்லோருக்கும் தெரியும். விமானக் கம்பெனியின் கதை அவ்வளவாகத் தெரியாது. அது 1949இல் மூடப்பட்டது. போட்டி மிகுதி, பயணிகள் குறைவு, எரிபொருள் செலவு அதிகம் என்று அன்றைய கம்பெனிகள் எல்லாமே தள்ளாடின. 1950இல் அரசு அமைத்த ராஜாத்யக்ஷா குழு நிலைமையை ஆராய்ந்தது. 1953இல் எஞ்சியவை நாட்டுடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. வானத்தில் ஒரு வழியை நடத்த விமானமும் துணிச்சலும் மட்டும் போதாது, கீழே நிலத்தில் நிறைய வேண்டும் என்பதைச் செட்டிநாட்டுக்காரர் ஒருவர் தம் கைப்பணத்தைப் போட்டு முதலிலேயே பார்த்துவிட்டார்.

அன்றைய வானத்தில் திருச்சி ஒரு முக்கியமான படிக்கட்டு. 1938இல் டாட்டாவின் அஞ்சல் விமானங்கள் கராச்சியிலிருந்து கொழும்பு வரை நீண்டபோது திருச்சியில் இறங்கிச் சென்றன. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. சீதா தேவி, விஹாரமகா தேவி, சுனேத்ரா தேவி என்று பெயர் சூட்டிய மூன்று டக்கோட்டாக்கள்தான் அதன் மொத்தச் சொத்து. அவற்றில் ஒன்று 1949 டிசம்பர் 21 அன்று திருச்சியில் இறங்கும்போது விபத்துக்குள்ளாகிப் பழுதுபார்க்க முடியாதபடி சிதைந்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கொழும்புக்கும் திருச்சிக்கும் இடையே கடை கண்ணி வைத்திருந்த குடும்பங்களுக்கு அன்று பெரிய செய்தியாக இருந்திருக்க வேண்டிய ஒன்று. இன்று விபத்துப் பட்டியலில் ஒரு வரி.

அடுத்த ஆண்டு அதே டிசம்பரில் நேர்ந்ததை அப்படி ஒரு வரியில் கடக்க முடியாது. 1950 டிசம்பர் 13, பம்பாயிலிருந்து கோவையை நோக்கி வந்த ஏர் இந்தியா டக்கோட்டா ஒன்று, கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி மலைத் தூண் அருகே நீலகிரியின் சரிவில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. அதில் பயணம் செய்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்ட். 1902இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியலின் போக்கையே மாற்றியவர். இந்திய அரசின் அழைப்பில் நாடெங்கும் உரையாற்றிக்கொண்டு வந்தார். மனைவியும் உடன் இருந்தார்.

வால்டின் பெயரைப் புள்ளியியல் படிக்காதவர்களும் இன்று அறிந்திருக்கக் காரணம் போர்க்காலத்தில் அவர் செய்த ஒரு வேலை. குண்டுவீச்சு விமானங்கள் சில சேதத்தோடு திரும்பும், சில திரும்பாது. எந்தப் பாகத்துக்குக் கூடுதல் கவசம் போடுவது? திரும்பியவற்றில் ஓட்டைகள் எங்கே அதிகமோ அங்கே என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்டின் தர்க்கம் வேறு பக்கம் போனது. ஓட்டை விழுந்தும் ஒரு விமானம் திரும்பி வந்தது என்றால், அந்த இடத்தில் அடிபட்டால் தாங்கலாம் என்று பொருள். ஓட்டையே காணாத இடத்தில் அடிபட்டவை கண்ணில் படாமலே விழுந்துவிட்டன, கவசம் அங்கேதான் தேவை. 1943இல் அவர் எழுதியவை கடினமான கணித அறிக்கைகள். பிற்காலத்தில் பாடநூல்களுக்காக அவை இப்படிச் சுருக்கிச் சொல்லப்பட்டன. ஆனால் சுருக்கத்திலும் அடிப்படை மாறவில்லை: தப்பி வந்த விமானமும் ஒரு சாட்சி, அதை எப்படிக் கேட்பது என்பது தனிக் கலை. அந்தக் கலையை உலகுக்குத் தந்தவர் தமிழ்நாட்டு மலையொன்றில் விழுந்து இறந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பள்ளி மாணவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

நீலகிரி விபத்தைப் போலவே இருபத்தொரு ஆண்டுகள் கழித்து இன்னொன்று நடந்தது, இம்முறை மதுரையின் வழியில். 1971 டிசம்பர் 9. வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். மதுரையில் இறங்க வேண்டிய இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. மேகமலைக்கு ஏறும் சாலை தொடங்குகிற ஊர் சின்னமனூர். அங்கிருந்து மதுரை நிலையம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். விமானத்தில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள், விமானிகளும் பணியாளர்களுமான நால்வரும் அதில் அடக்கம். பகல் நேரம்தான். ஆனால் பார்வைத் தெளிவு குறைந்திருந்தது.

இரண்டு விபத்துகளிலும் ஒரே தவறு தெரிகிறது: மலையைத் தாண்டி முடிப்பதற்குள் விமானம் தாழ்ந்துவிட்டது. மேற்கிலிருந்து கோவைக்கோ மதுரைக்கோ வரும் விமானம் மேற்குத் தொடர்ச்சி மலைகளைக் கடந்த பிறகே உயரத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். கீழே மேகம் மூடியிருக்கும்போது, தான் எங்கே இருக்கிறோம் என்பதை விமானி கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ரேடியோ வழிகாட்டிகள் திசையைக் காட்டும், கடந்து வந்த தொலைவையும் கீழே நிற்கும் மலையின் உயரத்தையும் காட்டா. காற்றின் வேகம் சற்று மாறினாலும் கணக்கு பல கிலோமீட்டர் பிசகும். இயந்திரம் சரியாக ஓடிக்கொண்டிருக்க, விமானம் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க, நேராக மலைக்குள் போய்ச் சேர்வது என்பது உலகெங்கும் அன்று பயணிகளை மிக அதிகமாகக் கொன்ற விபத்து வகை.

அது குறைந்ததற்குக் காரணம் ஒரு கருவி. தரை நெருங்குவதை ரேடியோ உயரமானியால் உணர்ந்து, விமானியறையில் குரல் எழுப்பி எச்சரிக்கும் அமைப்பைக் கனடாவைச் சேர்ந்த பொறியாளர் டான் பேட்மன் உருவாக்கினார். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நெருங்கிய விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேர் இறந்த பிறகு அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது. 1990களில் பூமியின் மேடுபள்ளங்களின் வரைபடமே கருவிக்குள் ஏற்றப்பட்டது. இன்று மதுரைக்கு வரும் விமானம் மேகமலை இருக்கும் திசையில் தாழ்ந்தால், மலை கண்ணில் படுவதற்கு வெகு முன்பே எச்சரிக்கை ஒலிக்கும். சின்னமனூர் வகை விபத்து அநேகமாக முடிந்த கதை. மிச்சமிருப்பது ஓடுபாதையைச் சுற்றிய சில நூறு மீட்டர்.

அந்தச் சில நூறு மீட்டரில்தான் திருச்சி வருகிறது.

2018 அக்டோபர் 12, நள்ளிரவு கடந்து ஒன்று இருபது அளவில், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737-800 ஒன்று துபாய்க்குக் கிளம்பியது. பயணிகள் 130 பேர், பணியாளர் 6 பேர். வளைகுடா வேலைக்குத் திரும்பும் கணவனையும் மகனையும் வழியனுப்ப வந்தவர்களின் வண்டிகள் அப்போதுதான் புதுக்கோட்டைச் சாலையில் ஊர் திரும்பத் தொடங்கியிருக்கும். விமானம் எழும்பியது, ஆனால் போதிய உயரம் எழும்பவில்லை. ஓடுபாதைக்கு அப்பால் நின்ற லோக்கலைசர் ஆன்டெனாவை உடைத்தது. பிறகு சுற்றுச்சுவரின் மேற்பகுதியை இடித்தது. அப்படியே இருளில் மேலே போய்விட்டது.

உள்ளே இருந்தவர்கள் அடிபட்டதை முழுதாக உணரவில்லை. சுவர் உடைந்து கிடப்பதையும் ஆன்டெனா முறிந்திருப்பதையும் தரையில் இருந்தவர்கள்தான் கண்டார்கள். கட்டுப்பாட்டு அறை தகவல் சொன்னது. கருவிகள் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டுகின்றன என்று விமானிகள் பதில் சொன்னார்கள். விமானம் அரபிக் கடலுக்கு மேல் நெடுந்தூரம் போன பிறகு திருப்பப்பட்டு, விடியும் முன் மும்பையில் இறங்கியது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் இருந்திருக்கிறது. இறங்கியதும் பார்த்தால் அடிவயிற்றுத் தகடு கிழிந்திருந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை கண்டுபிடித்த காரணம் யாரும் எதிர்பாராதது. ஓடுபாதையில் வேகம் பிடித்துக்கொண்டிருக்கும்போது கேப்டனின் இருக்கையின் முதுகுப் பகுதி திடீரென்று பின்னால் சாய்ந்துவிட்டது. உந்துவிசை நெம்புகோல்களின் மேல் கை வைத்திருந்தவர் சாயும்போது அவற்றையும் தம்மை அறியாமல் பின்னுக்கு இழுத்துவிட்டார். இயந்திரங்களின் சுழல் அளவு 98 விழுக்காட்டிலிருந்து 77 அளவுக்கு இறங்கியது. இருக்கையைச் சரிசெய்யும் பரபரப்பில் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. முக்கால் வலுவில் ஓடிய விமானத்துக்குத் திருச்சியின் ஏறக்குறைய 2,480 மீட்டர் பாதை போதவில்லை.

இருக்கைக்குப் பூட்டுப் பிடிப்பு உண்டு, அதைப் பராமரிக்க விதி உண்டு, கருவிப் பலகையைப் படிக்க இன்னொரு விமானி உண்டு. மூன்றும் அந்தச் சில நொடிகளில் ஒருசேரத் தவறின. மனிதர்களின் தவறை ஒழிக்க முடியாது. ஆனால் தவறு நடந்த பிறகு விமானம் எதன் மேல் மோதுகிறது என்பதை நிலையத்தைக் கட்டுகிறவர்கள் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். லோக்கலைசர் என்பது இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ரேடியோக் கருவி. அது பொதுவாகப் பாதையின் முனைக்கு நேரே நின்றாக வேண்டும். ஆகவேதான் அது மோதினால் முறிந்துவிடும்படி மெல்லிய கம்பங்களில் அமைய வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் சொல்கின்றன. திருச்சி ஆன்டெனா முறிந்து கொடுத்தது. செங்கல் சுவர் அப்படிக் கொடுக்கும் பொருள் அல்ல. அதன் மேற்பகுதியை மட்டும் விமானம் தொட்டதால் 136 பேர் பிழைத்தார்கள்.

மங்களூரில் அப்படி நடக்கவில்லை. 2010 மே 22, துபாயிலிருந்து வந்த அதே வகை விமானம், மேசைபோல மலையுச்சியைச் சமன்செய்து போட்ட 2,450 மீட்டர் பாதையில் மிகத் தள்ளித் தரை தொட்டு, முனையைக் கடந்து ஓடியது. கான்கிரீட் மேடையோடு நின்ற லோக்கலைசர் அமைப்பில் வலது இறக்கை மோதி, விமானம் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். தென்கொரியாவின் முவான், நம் திருச்சியைப் போலவே ஒரு வட்டார நிலையம். 2024 டிசம்பர் 29 அன்று சக்கரம் இறங்காமல் வயிற்றால் தரையில் வழுக்கி வந்த ஜெஜு ஏர் விமானம், பாதை முடிந்து சில நூறு மீட்டருக்குள், லோக்கலைசரைத் தாங்கி நின்ற கான்கிரீட் உள்ள மண்மேட்டில் மோதியது. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். விமானம் தரையில் வழுக்கி வந்தவரை பெரும்பாலோர் உயிரோடுதான் இருந்திருக்க வேண்டும்.

மங்களூர், திருச்சி, முவான் மூன்றும் மூன்று வெவ்வேறு தவறுகளில் தொடங்கின. ஒன்றில் தூக்கக் கலக்கத்தில் இருந்த கேப்டன், ஒன்றில் சாய்ந்த இருக்கை, ஒன்றில் இயந்திரத்துக்குள் போன பறவைகள். முடிந்த இடம் ஒன்றுதான்: ஓடுபாதையின் முனைக்கு அப்பால், அதே கருவி நிற்கும் அதே நிலம். வால்ட் இருந்திருந்தால் மூன்றையும் ஒரே அட்டவணையில் வைத்திருப்பார். திருச்சி விமானம் திரும்பி வந்ததாலேயே அதை வேறு கணக்கில் எழுதியிருக்க மாட்டார்.

திருச்சி இதற்குப் பின்னும் ஒரு தரம் உலகச் செய்தியானது. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மாலையில் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. உள்ளே 140க்கும் மேற்பட்டோர். தூர தேசப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் எடை தாங்காது. அதைக் காற்றில் கொட்டிவிடும் வசதி இவ்வகை விமானத்துக்குக் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஊர்களில் ஜனங்கள் மாடியிலும் தெருவிலும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், தொலைக்காட்சி நொடிக்கு நொடி சொன்னது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் வரிசையில் நின்றன. இரவு எட்டேகால் அளவில் விமானம் சாதாரணமாக இறங்கியது. விமானிகளை எல்லோரும் பாராட்டினார்கள், தகும். அந்த இரண்டு மணி நேரத்தில் தரையில் நடந்த தயாரிப்பும் அதே அளவுக்குப் பேசப்பட்டிருக்க வேண்டும். அத்தனை தீயணைப்பு வண்டிகளை நிறுத்த ஒரு நகரமும், கைவசம் பயிற்சி பெற்ற ஆட்களும் திருச்சிக்கு இருந்தன. சிறிய ஊரின் நிலையத்தில் அதே மாலை எப்படிப் போயிருக்கும்?

இந்தக் கேள்வியோடு செட்டிநாட்டுத் தளத்துக்கு வரலாம். 2016இல் மத்திய அரசு வட்டார விமானச் சேவைக்கான உடான் திட்டத்தை அறிவித்தது முதல், பயனின்றிக் கிடக்கும் பழைய தளங்களின் பட்டியலில் செட்டிநாடும் பேசப்பட்டு வருகிறது. ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை பூர்வீக வீட்டைத் திறந்து படைப்புக்கு வரும் குடும்பங்கள், கல்லூரிகள், ஆய்வகம் என்று பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். கோரிக்கை நியாயமானது. அதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் மேடைகளில் பேசப்படுவது ஓடுபாதையின் நீளமும் எத்தனை பேர் ஏறும் விமானம் வரும் என்பதும்தான்.

பேச வேண்டியவை வேறு. முதலாவது, பாதையின் இரு முனைகளுக்கும் அப்பாலுள்ள நிலம். ஓடுபாதை முடிந்ததும் 60 மீட்டர் பட்டை, அதற்கும் அப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதி என்பது சர்வதேச விதி. 240 மீட்டர் இருப்பதே நல்லது என்று அதே விதிநூல் பரிந்துரைக்கிறது. மங்களூரில் இருந்தது 90தான். மேடு, சுவர், கான்கிரீட் அடித்தளம், ஆழமான வாய்க்கால் எதுவும் அங்கே கூடாது.

இரண்டாவது, சுற்றுப்புறம். விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் குப்பை கொட்டுவதும் திறந்த வெளியில் இறைச்சி வெட்டுவதும் பறவைகளை இழுக்கும் என்பதால் இந்திய விமான விதிகள் அவற்றைத் தடுக்கின்றன. கட்டடங்களின் உயரக் கட்டுப்பாடு இருபது கிலோமீட்டர் வரை நீள்கிறது. காரைக்குடியும் கோட்டையூரும் கண்டனூரும் புதுவயலின் அரிசி ஆலைப் புகைபோக்கிகளும் அந்த இரண்டாவது வட்டத்துக்குள் விழும். கண்மாய்களும் ஊருணிகளும் நிறைந்த நாடு இது. மழைக்காலத்தில் நீர் நிரம்பினால் பறவைகள் வரும். இதே சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர்ப் பக்கம், வேட்டங்குடிச் சரணாலயம் இருக்கிறது. அங்கே வரும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகளின் வழித்தடம் எது, எந்த மாதத்தில் எவ்வளவு உயரத்தில் பறக்கின்றன என்பதைத் தளம் திறக்கும் முன்பே ஒரு முழு ஆண்டாவது கணக்கெடுக்க வேண்டும். முவானில் பறவைகளும் காரணத்தில் சேர்ந்தன என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, ஆட்கள். எழுபது பேர் ஏறும் ஏடிஆர் விமானம் வந்தால் அதன் நீளத்துக்கு ஏற்ற வகைத் தீயணைப்புப் பிரிவு வேண்டும். போயிங் 737 வந்தால் இரண்டு படி மேலான வகை வேண்டும். அழைப்பு வந்து மூன்று நிமிடத்துக்குள் ஓடுபாதையின் எந்த முனைக்கும் போய்ச் சேர வேண்டும். வாரத்துக்குச் சில விமானமே வரும் நிலையத்திலும் இந்த ஆட்கள் ஒவ்வொரு நாளும் பயிற்சியில் இருந்தாக வேண்டும். சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் மறுபடி உயிர்பெற்று, 2021இல் சேவை நின்று, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. இப்படி நின்று நின்று ஓடும் இடத்தில் கருவியைப் பூட்டி வைக்கலாம், பயிற்சியைப் பூட்டி வைக்க முடியாது. ஜூபிடர் ஏர்வேஸ் மூடியபோதும் தரையில் ஆகும் செலவு யாருக்கும் புரியாத செய்தியாக இல்லை.

கோழிக்கோட்டின் கணக்கை இங்கே சொல்லியாக வேண்டும். 2020 ஆகஸ்ட் 7 அன்று, கொரோனாக் காலத்தில் துபாயிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த விமானம், மழையில், பின்காற்றில், 2,700 மீட்டர்ப் பாதையின் பாதியளவு கடந்த பிறகே தரை தொட்டு, முனையைத் தாண்டிச் சரிவில் விழுந்து பிளந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். அதன் பிறகு முனைப் பாதுகாப்புப் பகுதியை 240 மீட்டராக்குவது என்று முடிவாயிற்று. அதற்கு வேண்டியிருந்தது சுமார் 14.5 ஏக்கர் நிலம். வீடுகளும் தோப்புகளும் வந்துவிட்ட இடம். குடும்பங்களோடு பேசி, இழப்பீடு தீர்மானித்து, நிலத்தைக் கையில் வாங்கவே மூன்று ஆண்டுகள் போயின. மண் கொட்டிச் சமன்செய்யும் வேலை அதன் பிறகுதான்.

செட்டிநாட்டுத் தளத்தின் இரு முனைகளிலும் சமதளமான செம்மண் காடு இன்னும் வெறுமையாக இருக்கிறது. காரைக்குடி மாநகராட்சியாகி வளர்கிறது. விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டாலே சுற்றிலும் மனை பிரித்துக் கல் நடத் தொடங்கிவிடுவார்கள். ஓடுபாதைக்கு அனுமதி கேட்கும் மனுவில், இரு முனைகளுக்கும் அப்பால் முந்நூறு மீட்டர் நிலத்தைச் சர்வே எண்ணோடு குறித்து, அங்கே கட்டடம் எழுப்பத் தடை விதிக்குமாறு இப்போதே மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கலாம்.